நாற்பத்தெட்டாவது தொட்டி

அத்தியாயம் 5

"புழுவைப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "மாப்பிள்ளை பார்ப்பார்" என்றார் அத்தை.

அத்தை என்றால் என் மனைவியைப் பெற்றவர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியக் கிளம்பியவர். ஊர் முழுக்க அவருக்கு 'கணக்கு டீச்சர்' என்றுதான் பெயர். நான் அவருடைய உதவியாளர், கார் ஓட்டுநர், வசவு வாங்குபவர். வசவு என்றாலும் மரியாதை குறையாத வசவு. மருமகனை 'நீங்க, வாங்க' என்று சொல்லியே ஒரு மனுஷனை நார் நாராகக் கிழிக்க முடியும் என்பதை நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் தலைமுடியை நறுக்கிப் போட்டதுபோல ஏழெட்டு நெளிந்தன. நூற்புழுக்களாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்குள் இருந்துகொண்டு செடியின் வேரில் நுழையும், நுழைந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும், செடி காய்க்காமல் சுருண்டுவிடும்.

"இவங்கதான் குற்றவாளியா?" என்றேன்.

"சாட்சி" என்றார் அத்தை. "குற்றவாளி இவ்வளவு சுறுசுறுப்பா இருக்க மாட்டாங்க. கொஞ்சம் நகருங்க மாப்பிள்ளை."

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்தப் பரிசோதனைக் கூடத்தை நடத்துபவர். விதைக் கம்பெனிகள் ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, 'இது புழுவைத் தடுக்கும்' என்று பையில் அச்சடிக்க வேண்டுமானால் அதற்கு முன் இவருடைய கையெழுத்து வேண்டும். காலையில் தொலைபேசியில் அழுதவர் இவர்தான் என்று நம்ப முடியாத அளவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"இது கம்பெனிக்காரங்க மேலிடத்துக்கு எழுதின புகார். இது மேலிடத்துலேர்ந்து வந்த படிவம், நான் கையெழுத்துப் போடணும். ரெண்டு மணிக்குள்ள அனுப்பணும். இல்லன்னா கூடத்தையே மூடிடுவாங்க."

சுவர்க்கடிகாரம் பதினொன்றே காலைக் காட்டியது.

நான் படிவத்தை எடுத்துப் படித்தேன். 'என் பார்வைக் குறைபாட்டினால் எண்ணிக்கை தவறாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிவைத் திரும்பப் பெறுகிறேன். இனி எண்ணும் பணியில் ஈடுபட மாட்டேன்.' மூன்றே வரியில் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பும் வித்தை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அத்தை. "என்ன மருந்து, என்ன பரீட்சை?"

"பூஞ்சைக்கொல்லி. விதை மேல பூசி விதைப்பாங்க. பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், அதுல சந்தேகமில்ல. ஆனா நூற்புழுவையும் தடுக்கும்னு கம்பெனி சொல்லுது. அதைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. நாற்பத்தெட்டு தொட்டியில வெள்ளரி விதைச்சோம். பாதி விதைக்கு மருந்து, பாதிக்கு வெறும் சாயம்."

"சாயம் எதுக்கு?"

"மருந்து பூசின விதை நீலமா இருக்கும். மத்ததுக்கும் அதே நீலம் பூசிட்டா எது எதுன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும் பாருங்க. சீட்டுக் குலுக்கி எடுத்து தொட்டிக்கு நம்பர் போடுவோம். விவரம் உறையில சீல் வச்சிருக்கும். செடி முளைச்சதும் புழு கலந்த தண்ணியை எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவா ஊத்துவோம். நாற்பது நாள் கழிச்சுப் பிடுங்கி, வேர்ல எத்தனை முடிச்சுன்னு எண்ணுவேன்."

"எண்ணினீங்க."

"எண்ணினேன். உறையைப் பிரிச்சுப் பார்த்தா மருந்து போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசமே இல்ல. மருந்து புழுகிட்ட பலிக்கலன்னு எழுதினேன். கம்பெனி என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டு, இந்த மாதிரி எழுதியிருக்கு."

அத்தை புகாரை வாங்கி உரக்கப் படித்தார். "'எண்ணிக்கைகள் தாறுமாறாக உள்ளன. ஒரு தொட்டியில் பன்னிரண்டு, அடுத்ததில் இருநூற்று நாற்பது, அதற்கடுத்து முப்பத்தொன்று. வலது கண்ணில் அறுவைசிகிச்சை சரியாக ஆறாமல், இடது கண்ணை மட்டும் வைத்து எண்ணுபவரிடமிருந்து இதைத்தான் எதிர்பார்க்க முடியும்.'" கண்ணாடியைக் கழற்றினார். "கண் விஷயம் நிஜமா?"

"நிஜம். வலது கண் இன்னும் பனி மூடின மாதிரிதான் இருக்கு. ஆனா இடது கண்ணால ஒழுங்காத்தான் எண்ணினேன், டீச்சர். எண்ணினேன்னுதான் நினைக்கிறேன்." வலது கண்ணைக் கையால் பொத்தி எடுத்தார். "ரெண்டு வாரமா என்னையே எனக்குச் சந்தேகமா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா முடிச்சு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"ஆபரேஷன் யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. பயிற்சிக்குப் போறேன்னு லீவு போட்டேன்."

"யாருக்குமேவா?"

"தங்கச்சிக்குத் தெரியும். அவதான் கூட இருந்து சொட்டு மருந்து விட்டா. வீட்டு ஆளு கணக்குல வராதே."

"என் கணக்குல எல்லாரும் வருவாங்க" என்று அத்தை எழுந்தார். "தொட்டி எங்க?"

பசுமைக்குடில் பின்பக்கம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீளமான மேடையில் நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு தொட்டி. செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது, வெறும் மண் மட்டும் இருந்தது. ஓரத்தில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். இங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடுபவர். எல்லாரும் தண்ணிக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள்.

"எனக்கு இவர் மேல சந்தேகம்" என்று அத்தையின் காதில் கிசுகிசுத்தேன். "ரொம்ப நேரா நிக்கிறார்."

"போன கேஸ்ல ஆள் ரொம்பக் கூனியிருக்கார்னு சந்தேகப்பட்டீங்க. அப்படியே நில்லுங்க, வேலை இருக்கு."

கதவில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. மேடையில் எந்த இடத்தில் எந்த நம்பர் தொட்டி என்று. சீட்டுக் குலுக்கி வைத்ததால் பதினேழுக்குப் பக்கத்தில் மூன்று, மூன்றுக்குப் பக்கத்தில் நாற்பது என்று எல்லாம் கலைந்து கிடந்தன. அத்தை என் கையில் நாற்பத்தெட்டு துண்டுச் சீட்டும் டாக்டரம்மாவின் நோட்டையும் கொடுத்தார். ஒவ்வொரு தொட்டியின் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதி, அந்தந்தத் தொட்டியின் மேலேயே வைக்க வேண்டுமாம். பட்டம் வாங்கினவனுக்கு ஏற்ற வேலை. புழுங்கிக்கொண்டே வைத்து முடித்தேன்.

"இப்போ கதவுப் பக்கத்துலேர்ந்து முதல் வரிசையைப் படிங்க."

"ஒன்பது. எட்டு. பன்னிரண்டு. பதினொன்று. பதினாலு..." படித்துக்கொண்டே போனேன். வரிசை முடியும்போது முப்பத்தொன்று வந்திருந்தது.

"தாறுமாறாவா இருக்கு?"

"இல்ல. ஏறிக்கிட்டே போகுது." எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புரிஞ்சிடுச்சு அத்தை. கதவுப் பக்கம் காத்து, உள்பக்கம் சூடு. சூட்டுல புழு பெருகியிருக்கு. கேஸ் முடிஞ்சது."

"இரண்டாவது வரிசையையும் கதவுப் பக்கத்துலேர்ந்தே படிங்க."

"அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது..." என் குரல் இறங்கியது. உள்ளே போகப் போக எண்ணிக்கை குறைந்தது. கடைசியில் முப்பத்து மூன்று. மூன்றாவது வரிசை மறுபடியும் கதவுப் பக்கம் ஆரம்பித்து உள்ளே ஏறியது. நான்காவது உள்ளேயிருந்து கதவை நோக்கி ஏறி, கதவை ஒட்டிய கடைசித் தொட்டியில் முந்நூற்றுப் பத்தில் முடிந்தது. மேடையின் முதல் தொட்டியும் நாற்பத்தெட்டாவதாக இருந்த அந்தத் தொட்டியும் ஒரே கதவை ஒட்டி ஒரே காற்றை வாங்கிக்கொண்டு இருந்தன. ஒன்றில் ஒன்பது முடிச்சு, இன்னொன்றில் முந்நூற்றுப் பத்து.

"சூடோ வெயிலோ இப்படிப் போயிட்டுத் திரும்பி, மறுபடி போயிட்டுத் திரும்பாது, மாப்பிள்ளை" என்றார் அத்தை. "ஆள்தான் அப்படி நடப்பாங்க. முதல் வரிசையில உள்ளே போய், ரெண்டாவது வரிசையில வெளிய வந்து, மறுபடி உள்ளே போய் வெளிய. கையில ஜாடியோட."

டாக்டரம்மா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகம் வெளிறியதிலேயே தெரிந்தது.

"குலுக்கல" என்றார் மெல்ல. "ஜாடியைக் குலுக்கவே இல்ல. புழு தண்ணியில மிதக்காது டீச்சர், அடியில போய்ப் படிஞ்சிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஊத்துறதுக்கு முன்னாடி குலுக்கணும். குலுக்காம ஊத்தினா முதல்ல வெறும் தண்ணி, கடைசியில மொத்தப் புழுவும்."

"அப்போ மருந்து பலிச்சுதா இல்லையான்னு இந்தத் தொட்டிகளை வச்சுச் சொல்ல முடியாது."

"முடியாது. பரீட்சையே செல்லாது."

"ஆனா ஒண்ணு சொல்லலாம். கண் சரியில்லாத ஆள் எண்ணியிருந்தா இந்த ஏணி இவ்வளவு ஒழுங்கா ஏறியிருக்காது. ஐம்பத்தெட்டுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் வித்தியாசம் பார்த்திருக்கீங்க. உங்க இடது கண்ணுக்கு என் மார்க் நூத்துக்கு நூறு."

அந்த நிமிஷம் டாக்டரம்மா அழகாகச் சிரித்தார். இரண்டு வாரமாக மார்பில் அழுத்திக்கொண்டிருந்த கல் உருண்டு போனதுபோல. அதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அத்தை சிரிக்கவில்லை.

"இதை நீங்களே இடம் வாரியாப் பார்த்திருக்கலாமே. ஏன் பார்க்கல?"

"ஊத்தினவங்க மேல சந்தேகம் வந்தாத்தான் அப்படிப் பார்ப்போம். ஊத்தினது..." சிரிப்பு பாதியில் நின்றது. பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார் அத்தை. 'ஊற்றியவர்' என்ற கட்டத்தில், இதே கூடத்தில் வேலை பார்க்கும் தங்கச்சியின் கையெழுத்து அழகாக உட்கார்ந்திருந்தது.

"அவ குலுக்காம ஊத்த மாட்டா டீச்சர். அம்மா போனப்போ அவளுக்கு ஒம்பது வயசு. தலை பின்னி விட்டதும் நான்தான், ஜாடி பிடிக்கக் கத்துக்கொடுத்ததும் நான்தான். தூக்கத்துல கேட்டாலும் குலுக்குவா."

"கேட்டுப் பார்த்துடுவோம்" என்றார் அத்தை. "தூக்கத்துல இல்ல."

தங்கச்சி வெள்ளைக் கோட்டில் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அக்காவின் அதே நெற்றி. வந்தவுடன் "அக்கா, சொட்டு மருந்து போட்டியா?" என்றுதான் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இப்படி யாரையாவது பிடித்துப்போனால் எனக்குப் பயமாக இருக்கும். அத்தை கேஸில் எனக்குப் பிடித்துப்போன ஆள் யாரும் இதுவரை தப்பித்ததில்லை.

அவள் கண்ணில் படாமலிருக்க, நான் சீட்டுகளை ஏற்கெனவே வாரிச் சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்தேன்.

"ஒரு சின்ன உதவிம்மா" என்றார் அத்தை. "இவ்வளவு தொட்டிக்கும் ஊத்த எத்தனை நிமிஷம் ஆகும்னு தெரியணும். இந்த ஜாடியில வெறும் தண்ணி இருக்கு. முதல் வரிசைக்கு மட்டும் ஊத்திக் காட்டுறீங்களா? மாப்பிள்ளை நேரம் பார்ப்பார்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஜாடியை வாங்கினாள். அளவுக் குப்பியில் ஊற்றினாள், தொட்டியில் விட்டாள். மணிக்கட்டு தானாக ஒரு சுற்றுச் சுற்றியது, ஜாடிக்குள் தண்ணீர் சுழன்றது. அடுத்த தொட்டி. மறுபடி ஒரு சுற்று. எங்களிடம் பேசிக்கொண்டே செய்தாள், கையைப் பார்க்கக்கூட இல்லை.

ஆறாவது தொட்டியில் அத்தை கேட்டார். "வெறும் தண்ணிதானேம்மா. எதுக்குக் குலுக்குறீங்க?"

"பழக்கம்" என்று சிரித்தாள். "இந்தக் கைக்குக் குலுக்காம ஊத்தத் தெரியாது."

"அதைத்தான் உங்க அக்காவும் சொன்னாங்க. அப்போ அன்னைக்கு ஊத்தினது யாரோட கை?"

ஜாடி அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் உள்ளே இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"நான்தான் ஊத்தினேன்" என்றார் தண்ணிக்காரர். "சின்ன மேடம் அவசர வேலையாப் போகணும்னாங்க. ஒரு தொட்டிக்கு ஒரு குப்பி, சிந்தக் கூடாதுன்னு சொன்னாங்க. ஒரு சொட்டு சிந்தல. அளவு குறையவும் இல்ல, கூடவும் இல்ல. ஏன், ஏதாவது தப்பா?"

அந்த மனுஷனின் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. சற்று முன் அவரைச் சந்தேகப்பட்ட என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்க மேல தப்பே இல்ல" என்றார் டாக்டரம்மா. தங்கச்சியிடம் திரும்பினார். "எங்க போயிருந்த?"

"அக்கா..."

"எங்க போயிருந்தன்னு கேட்டேன்."

"கம்பெனிக்கு" என்றாள் அவள். "அவங்க புதுசா ஒரு பரிசோதனைக் கூடம் தொடங்கறாங்க. என்னைத் தலைமைக்குக் கேட்டாங்க. அன்னைக்குத்தான் நேர்ல வரச் சொன்னாங்க. உன்கிட்ட சொன்னா விட மாட்டேன்னு நினைச்சேன். இவர்கிட்ட குலுக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். நமக்கு அது மூச்சு விடுற மாதிரிக்கா. மூச்சு விடுன்னு யாரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டோமே."

அதுவரைக்கும் மன்னிக்கக்கூடிய விஷயம்தான். நானே மன்னித்துவிட்டேன். டாக்டரம்மாவும் மன்னித்திருப்பார், அவர் கை அவளை நோக்கி நீளத் தொடங்கியிருந்தது. அத்தை கையிலிருந்த புகாரைப் பிரித்தார்.

"கண் விஷயத்தைக் கம்பெனிக்குச் சொன்னது எப்போம்மா? அன்னைக்கேவா, அப்புறமா?"

அவள் ஜாடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா?" என்றார் டாக்டரம்மா.

"நோட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு, குலுக்காம ஊத்தியிருக்கார்னு. கம்பெனிக்காரங்க ஏன் இப்படித் தாறுமாறா இருக்குன்னு என்னைக் கேட்டாங்க. விட்டிருந்தா ஊத்தினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சா எனக்கு எந்தக் கூடத்துலயும் இடம் கிடைக்காது." அவள் அழ ஆரம்பித்தாள். "அதான் கண்ணைச் சொன்னேன். உனக்கு இன்னும் மூணு வருஷத்துல ஓய்வுதானேக்கா. எனக்கு இப்பத்தான் தொடங்குது."

"ரெண்டு வாரம்" என்றார் டாக்டரம்மா. "என் கண்ணே எனக்கு மோசம் பண்ணிடுச்சுன்னு நான் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டியே. ஒவ்வொரு சொட்டுக்கும் உனக்கு உண்மை தெரியும்."

நம்பி மோசம் போனவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் கத்துவார்கள், சிலர் எதையாவது எடுத்து வீசுவார்கள். டாக்டரம்மா இரண்டும் செய்யவில்லை. எனக்குத்தான் ஜாடியைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது. தன் காலில் நிற்கக் கற்றுக்கொடுத்தவரின் காலையே வாரிவிட்டு, அதற்கு வயதைக் காரணம் சொல்கிறாள்.

டாக்டரம்மா அறைக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். மணி ஒன்று நாற்பது. படிவத்தைத் திருப்பிப்போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

'எண்ணிக்கை சரி. என் கண்ணும் சரி. ஜாடியைக் குலுக்காமல் ஊற்றியதால் பரிசோதனை செல்லாது. மருந்து நூற்புழுவைத் தடுக்கும் என்றோ தடுக்காது என்றோ இப்போது யாரும் சொல்லக் கூடாது, பையில் அச்சடிக்கவும் கூடாது. மறுபடி விதைக்கிறேன், நானே எண்ணுவேன்.' அதற்குக் கீழே, ஊற்றியதாகக் கையெழுத்திட்டவர் அன்று கூடத்தில் இல்லை என்று ஒரு வரி. பெயரையும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து கோணியிருந்தது.

"மாப்பிள்ளை, உடனே அனுப்பிட்டு வாங்க" என்றார் அத்தை. அனுப்பிவிட்டு வந்தபோது ஒன்று ஐம்பத்திரண்டு.

"டீச்சர்" என்றார் டாக்டரம்மா. "கண்ணுல கோளாறு இல்லன்னு நிரூபிச்சுட்டீங்க. உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். ஆனா ஒண்ணு தோணுது. கோளாறு கண்ணுலயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அத்தை டாக்டரம்மாவின் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

கிளம்பும்போது பசுமைக்குடில் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. டாக்டரம்மா ஜாடியில் தண்ணீர் நிரப்பினார். தங்கச்சி, பழக்கதோஷத்தில், வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். ஜாடி அந்தக் கையைத் தாண்டிப் போய் தண்ணிக்காரரிடம் நின்றது.

"அடுத்த தடவை நீங்கதான் ஊத்தப் போறீங்க. உங்க பேர்லயே கையெழுத்து. இன்னைக்கு வெறும் தண்ணியில பழகுங்க. ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னாடி ஒரு சுற்று, மணிக்கட்டால."

தண்ணிக்காரர் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முதல் தொட்டிக்கு ஒரு சுற்று சுற்றி, சொட்டு சிந்தாமல் ஊற்றினார். இரண்டாவதற்கு நகர்ந்தார், ஜாடியைச் சாய்த்தார்.

"குலுக்கணும்" என்று பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள் தங்கச்சி.

டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் குலுக்குவார்" என்றார். "கோட்டைக் கழற்றி வச்சுட்டு நீ கிளம்பு."